ஆர்டபிள்யூ டிஸ்க்கில் எழுத மூன்று வழிகள்: உங்களுக்கு எது சரி?

அழித்து அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்கை முதல் தடவையாக ரைட்டரில் போடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் கை நிற்கும். டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்கும், ஒரு சின்னப் பெட்டி திறக்கும், "இந்த டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்தப்போகிறீர்கள்?" என்று விண்டோஸ் கேட்கும். யு.எஸ்.பி. ஃபிளாஷ் டிரைவ் மாதிரி என்று ஒரு வழி, சிடி அல்லது டிவிடி பிளேயரில் போட என்று இன்னொரு வழி. முதல் வழி ஏற்கெனவே குறித்து வைக்கப்பட்டிருக்கும். அப்படியே 'நெக்ஸ்ட்' அமுக்கிவிட்டு, பிறகு டிஸ்க் எங்கேயோ ஓடவில்லை என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

நானும் அப்படி அமுக்கியவன்தான். எங்கள் தெரு பஜனை மடத்தில் மார்கழிச் சொற்பொழிவைப் பதிவு செய்து, மறுநாள் விடியற்காலையில் அங்கேயே திரும்பப் போட்டுக் கேட்பார்கள். மடத்தில் இருப்பது எம்பி3 ஓடும் பழைய சிடி பிளேயர், பென் டிரைவ் செருக இடம் கிடையாது. தினமும் புது சிடி வாங்குவதை விட ஒரே சிடி-ஆர்டபிள்யூவை அழித்து எழுதலாம் என்று முடிவு செய்து, இரவு பதினொரு மணிக்கு எழுதி, என் கணினியில் திறந்தும் பார்த்துவிட்டுத் தூங்கினேன். காலை ஐந்து மணிக்கு பிளேயரின் சின்னத் திரையில் 'நோ டிஸ்க்' என்று வந்தது. மடத்துப் பெரியவர் டிஸ்க்கை வெளியே எடுத்து, விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காலி டிஸ்க்கைக் கொடுத்துட்டீங்களா தம்பி?" என்றார். அதே டிஸ்க்கை அன்று மாலை அழித்து, இரண்டாவது வழியில் எழுதிக் கொடுத்தேன். எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஓடியது. டிஸ்க்கிலும் பிளேயரிலும் கோளாறு இல்லை. எழுதிய முறைதான் அந்த பிளேயருக்குப் புரியவில்லை.

அதனால் எந்த வழியில் எழுதுவது என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்த டிஸ்க்கை எங்கே போட்டுப் படிக்கப்போகிறீர்கள்?

## எதை வைத்து முடிவு செய்வது

படிக்கப்போகும் இடம்தான் முதல் அளவுகோல். உங்கள் கணினியா, இன்னொருவர் கணினியா, காரில் இருக்கும் பிளேயரா, டிவிக்குக் கீழே இருக்கும் டிவிடி பிளேயரா? இது தெரிந்துவிட்டால் பாதி முடிவு ஆகிவிட்டது.

அடுத்து, உள்ளே இருப்பது எவ்வளவு அடிக்கடி மாறும்? தினம் ஒரு ஃபைலைச் சேர்த்து ஒன்றை நீக்குவதும், மாதம் ஒருமுறை மொத்தமாக மாற்றுவதும் ஒன்றல்ல.

மூன்றாவது நேரம். எழுதும் நேரத்தை மட்டும் பார்க்கக் கூடாது. ஃபார்மேட் செய்ய, அழிக்க, எழுதியது சரியா என்று சோதிக்க ஆகும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் இடம். அட்டையில் போட்டிருக்கும் அளவு முழுதும் உங்களுக்குக் கிடைக்காது, எவ்வளவு குறையும் என்பது எழுதும் முறையைப் பொறுத்தது.

கடைசியாக, நடுவில் மின்சாரம் போனாலோ, கேபிள் கழன்றாலோ எவ்வளவு இழப்பு என்பது. தமிழில் ஃபைல் பெயர் வைக்கிறவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

## டிஸ்க்குக்குள் என்ன நடக்கிறது

ஒரு நிமிடம் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஆர்டபிள்யூ டிஸ்க்கில் ஒரு மெல்லிய உலோகக் கலவைப் பூச்சு இருக்கிறது. அது படிக நிலையில் இருக்கும்போது ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். லேசர் அதை ஒரு புள்ளியில் சுமார் 600 டிகிரி வரை சூடாக்கி உருக்கினால், சட்டென்று ஆறும்போது படிகம் கலைந்து அந்த இடம் மங்கலாகிவிடும். சுமார் 200 டிகிரி அளவில் கொஞ்சம் நிதானமாகச் சூடாக்கினால் மறுபடி படிகமாகிவிடும். எழுதுவதும் அழிப்பதும் இவ்வளவுதான்.

இதில் இரண்டு விளைவுகள் நமக்கு முக்கியம். சாதாரண சிடி, விழும் ஒளியில் குறைந்தது 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். சிடி-ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம்தான். மிகப் பழைய பிளேயர்கள் சிலவற்றுக்கு இந்த மங்கிய ஒளி போதாது, எந்த முறையில் எழுதினாலும் படிக்காது. இரண்டாவது, ஒரே இடத்தை உருக்கி உருக்கி ஆற்றினால் பூச்சு களைத்துப்போகும். சிடி-ஆர்டபிள்யூ, டிவிடி-ஆர்டபிள்யூ இரண்டுக்கும் சுமார் 1000 தடவை என்று கணக்குச் சொல்வார்கள். டிஸ்க் முழுவதையும் ஆயிரம் தடவை அழித்து எழுத நமக்கு எத்தனையோ வருடம் ஆகும். ஆனால் ஒரே இடத்தில் ஆயிரம் தடவை எழுதுவது சில நாளிலேயே நடந்துவிடலாம். முதல் வழியின் பெரிய ஆபத்து இதில்தான் இருக்கிறது.

## முதல் வழி: பென் டிரைவ் மாதிரி

விண்டோஸ் இதை 'லைவ் ஃபைல் சிஸ்டம்' என்று சொல்லும். 2007இல் வந்த விஸ்டாவில்தான் இது விண்டோஸோடு சேர்ந்து வந்தது. எக்ஸ்பி காலத்தில் இதற்கென்று தனியாக இன்சிடி, டைரக்ட்சிடி போன்ற மென்பொருள்களைப் போட வேண்டியிருந்தது. டிஸ்க்கை முதலில், ஃபைல்களை அடுக்கும் யுடிஎஃப் என்ற அமைப்பில் ஃபார்மேட் செய்துகொள்கிறோம். அதன் பிறகு ஃபைலை இழுத்துப் போட்டால் உடனே டிஸ்க்கில் ஏறிவிடும். டெலிட் கொடுத்தால் அந்த ஃபைல் மட்டும் போய், அதன் இடம் மறுபடி கிடைக்கும். ஆர்டபிள்யூ அல்லாத சாதாரண டிவிடியில் இப்படிச் செய்தால் ஃபைல் கண்ணில் இருந்து மறையும், இடம் திரும்பாது.

கையாள இதைவிட எளிதான வழி இல்லை. உங்கள் கணினியில் எழுதி, உங்கள் கணினியிலேயே படிப்பதற்கு இதுதான் பொருத்தம்.

இதன் மறைமுகச் செலவுகளைப் பார்ப்போம். முதல் செலவு ஃபார்மேட் நேரம். பிளஸ் வகை டிவிடி (டிவிடி+ஆர்டபிள்யூ) ஓரிரு நிமிடத்தில் தயாராகிவிடும், மீதியை டிரைவே பின்னணியில் பார்த்துக்கொள்ளும். சிடி-ஆர்டபிள்யூவை முழுதாக ஃபார்மேட் செய்ய, அதன் வேகத்தைப் பொறுத்துக் கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரைகூட ஆகும். பட்டை நகராத மாதிரி இருக்கிறது என்று நடுவில் டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு, டிஸ்க் கெட்டுவிட்டது என்று வருகிறவர்கள் உண்டு.

இரண்டாவது செலவு இடம். சிடி-ஆர்டபிள்யூவில் இந்த முறை தகவலைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக எழுதுகிறது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட வேண்டும். அதனால் 700 எம்பி டிஸ்க்கில் கையில் கிடைப்பது 570 எம்பி அளவுதான். டிவிடியில் இந்த இழப்பு கிடையாது.

மூன்றாவது, நான் மேலே சொன்ன களைப்பு. ஃபைல் பட்டியலும் எந்த இடம் காலி என்ற குறிப்பும் டிஸ்க்கில் குறிப்பிட்ட இடங்களில் இருக்கும். நீங்கள் எந்த ஃபைலை மாற்றினாலும் அந்த இடங்கள் திருத்தி எழுதப்படும். அதிலும் டிவிடியில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமானாலும் 32 கேபி அளவுள்ள ஒரு முழுத் துண்டை எடுத்துத் திருத்தித் திரும்ப எழுத வேண்டும். டிஸ்க்கில் இருக்கும் வேர்ட் ஃபைலை அங்கேயே திறந்து வேலை செய்தால், தற்காலிக ஃபைல் ஒன்று, தானாகச் சேமிப்பது ஒன்று என்று ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை எழுதும் என்று நினைத்துப் பாருங்கள். சேமிக்கிற ஒவ்வொரு தடவையும் கணினி திக்கி நிற்பதற்கும் இதுதான் காரணம். கணினிக்கு நகல் எடுத்து, வேலையை முடித்து, முடிந்ததைத் திரும்பப் போடுங்கள். கணக்கு மென்பொருளின் ஃபைல்களை நேரடியாக ஆர்டபிள்யூவில் வைத்து ஓட்டுவது அறவே வேண்டாம்.

நான்காவது, இன்னொருவர் கணினி. யுடிஎஃப் ஃபார்மேட்டில் பதிப்புகள் உண்டு. விண்டோஸ் தானாக எடுப்பது 2.01. எக்ஸ்பியும் அதைப் படிக்கும். 2.50 என்று மாற்றிவிட்டால் விஸ்டாவுக்கு முந்தைய கணினிகள் கைவிரித்துவிடும். விண்டோஸ் 98 வரை பின்னால் போக வேண்டுமென்றால் 1.02. காரணம் இல்லாமல் இந்த எண்ணை மாற்றாதீர்கள்.

ஐந்தாவது பலரும் யோசிக்காத ஒன்று. ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைச் செருகி வைரஸோடு திரும்பி வந்த அனுபவம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. டிஸ்க்கில் அந்தப் பயம் இல்லை என்று நினைக்கிறோம். ஆனால் இந்த முறையில் ஃபார்மேட் செய்த ஆர்டபிள்யூவை ரைட்டர் உள்ள கணினியில் போட்டால், அந்தக் கணினிக்கு அதுவும் எழுதக்கூடிய ஒரு டிரைவ்தான். அங்கே இருக்கும் வைரஸுக்கும் அப்படியே.

## இரண்டாம் வழி: பிளேயரில் போடுவதற்கு

இது 'மாஸ்டர்டு' முறை. இதில் ஃபைலை இழுத்துப் போட்டால் டிஸ்க்கில் ஏறாது. சி டிரைவில் ஒரு தற்காலிக ஃபோல்டரில் வரிசையில் நிற்கும், "எழுதத் தயாராக இருக்கும் ஃபைல்கள்" என்று விண்டோஸ் காட்டும். எல்லாவற்றையும் சேர்த்த பிறகு 'பர்ன்' கொடுத்தால்தான் மொத்தமாக எழுதும். இந்த இடத்தில் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபைல்கள் டிஸ்க்கின் பெயருக்குக் கீழே வரிசையாகத் தெரிவதால் எழுதியாகிவிட்டது என்று நம்பி, டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது காலி டிஸ்க்தான்.

இந்த முறையின் பலம், படிப்பவர் யாராக இருந்தாலும் பெரும்பாலும் படித்துவிடுவார் என்பது. இது பயன்படுத்தும் பழைய ஐஎஸ்ஓ 9660 அமைப்பைத் தெரியாத கணினியே கிடையாது. 1988இல் வந்த அந்த அமைப்பைத்தான் எம்பி3 ஓட்டும் கார் பிளேயர்களும் மடத்து பிளேயர் போன்ற சின்னப் பெட்டிகளும் எதிர்பார்க்கின்றன.

பலவீனம், ஒரு ஃபைலை மட்டும் நீக்க முடியாது. புதிதாகச் சேர்க்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவை சேர்க்கும்போதும் ஒரு புது செஷன், அதாவது ஒரே மூச்சில் எழுதி மூடும் பகுதி, திறந்து மூட வேண்டும். சிடியில் முதல் செஷனை மூட 22 எம்பி அளவும், அதற்கடுத்த ஒவ்வொன்றுக்கும் 13, 14 எம்பி அளவும் வீணாகும். தினம் ஒரு பாட்டு என்று இருபது நாள் சேர்த்தால் கிட்டத்தட்ட 300 எம்பி காணாமல் போய்விடும். பல பிளேயர்கள் முதல் செஷனை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடும் என்பது அடுத்த தொல்லை. அதனால் இந்த முறையில் ஆர்டபிள்யூவைப் பயன்படுத்துகிறவர்களுக்கு என் யோசனை: செஷன் சேர்க்காதீர்கள். முழுதாக அழித்து, முழுதாக எழுதுங்கள். ஆர்டபிள்யூ வாங்கியதே அதற்காகத்தானே.

சி டிரைவில் இடம் குறைவாக உள்ளவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 4 ஜிபி எழுதப்போகிறீர்கள் என்றால் தற்காலிக ஃபோல்டருக்கும் 4 ஜிபி வேண்டும். எழுதாமல் விட்டுவிட்டால் அந்த நகல் அங்கேயே கிடந்து இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பழைய மடிக்கணினி ஒன்றில் காரணம் தெரியாமல் காணாமல் போன இடத்தைத் தேடியபோது, இரண்டு வருடத்துக்கு முன் எழுத நினைத்து விட்ட ஒரு கல்யாண வீடியோ அங்கே இருந்தது.

## மூன்றாம் வழி: தனி எழுதும் மென்பொருள்

விண்டோஸில் இம்க்பர்ன், சிடிபர்னர்எக்ஸ்பி, லினக்ஸில் கே3பி, பிரேசரோ. இவை செய்யும் வேலை இரண்டாம் வழியைப் போன்றதுதான், ஆனால் கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்கும். எந்த வேகத்தில் எழுத வேண்டும், எந்த அமைப்பில் எழுத வேண்டும், டிஸ்க்கை மூட வேண்டுமா, எழுதிய பின் சோதிக்க வேண்டுமா என்று எல்லாம் கேட்கும்.

இந்த மூன்றாவது வழியை நான் விரும்புவதற்குக் காரணம் அந்தச் சோதனைதான். எழுதி முடித்ததும் டிஸ்க் முழுவதையும் திரும்பப் படித்து, மூலத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் டேட்டா டிஸ்க் முறையில் இப்படிப்பட்ட ஒப்பீடு கிடையாது. பலமுறை அழித்து எழுதிய டிஸ்க்கில் பிழை வருமானால் அது பெரும்பாலும் ஓசையில்லாமல்தான் வரும்: எழுதும்போது சரியாக முடிந்ததாகக் காட்டும், ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு ஃபைல் திறக்காது.

வீடியோ டிவிடி செய்கிறவர்களுக்கும் இந்த வழிதான். டிவிடி பிளேயர் எதிர்பார்ப்பது ஐஎஸ்ஓவும் யுடிஎஃப் 1.02ம் சேர்ந்த ஒரு கலப்பு அமைப்பு. வீடியோ ஃபைல்கள் குறிப்பிட்ட பெயருள்ள ஃபோல்டரில், குறிப்பிட்ட வரிசையில் இருக்க வேண்டும். டிவிடி வீடியோவாகத் தயாரித்த ஃபோல்டரைக் கொடுத்தால் இம்க்பர்ன் போன்றவை இதைச் சரியாக அமைத்துவிடும்.

இதன் செலவு, கற்றுக்கொள்ளும் நேரம். இம்க்பர்னின் கடைசிப் பதிப்பு 2013இல் வந்த 2.5.8.0. இன்னும் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் திரை முழுக்கப் பட்டன்களாக இருக்கும், முதல் நாள் மிரட்டும். இலவச மென்பொருள்களை இறக்கி நிறுவும்போது, கூடவே வேறு எதையாவது நிறுவவா என்று கேட்கும் டிக்குகளைக் கவனமாக எடுத்துவிடுங்கள். சோதனைக்கும் நேரம் ஆகும். 4எக்ஸ், அதாவது அடிப்படை வேகத்தைப் போல நான்கு மடங்கு வேகத்தில், நிறைந்த டிவிடி எழுத ஏறக்குறைய கால் மணி நேரம், ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் சில நிமிடங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பென் டிரைவ் மாதிரி | விண்டோஸின் பிளேயர் முறை | தனி மென்பொருள் |
|---|---|---|---|
| கார், வீட்டு பிளேயர் | பெரும்பாலும் படிக்காது | எம்பி3, படங்களுக்கு ஏற்றது | வீடியோ டிவிடிக்கும் ஏற்றது |
| ஒரு ஃபைலை மட்டும் நீக்க | முடியும் | முடியாது | முடியாது |
| தயார் நேரம் | முதல் ஃபார்மேட் நீளம், பிறகு இல்லை | ஒவ்வொரு தடவையும் அழிக்க வேண்டும் | அதேபோல், கூடவே சோதனை நேரம் |
| 700 எம்பி சிடியில் கிடைப்பது | சுமார் 570 எம்பி | ஒரே செஷன் என்றால் ஏறக்குறைய முழுதும் | ஏறக்குறைய முழுதும் |
| நடுவில் மின்சாரம் போனால் | பழைய ஃபைல்களும் போகலாம் | மறுபடி அழித்து எழுத வேண்டும், மூல ஃபைல்கள் கணினியில் பத்திரம் | அதேபோல் |
| எழுதியதை ஒப்பிட்டுப் பார்க்க | இல்லை | இல்லை | உண்டு |

மின்சார வரிசையை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். முதல் வழியில் டிஸ்க்கில் ஏற்கெனவே ஐம்பது ஃபைல் இருக்கும், நீங்கள் ஐம்பத்தொன்றாவதை எழுதிக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் பட்டியல் இருக்கும் இடம் அரைகுறையாக நின்றால் ஐம்பதும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். மடிக்கணினிக்கு வெளியே யு.எஸ்.பி.யில் செருகும் மெல்லிய ரைட்டர்களில் இது அடிக்கடி நடக்கும். எழுதும்போது அவை இழுக்கும் மின்சாரம் படிக்கும்போது இழுப்பதைவிட அதிகம். பழைய யு.எஸ்.பி. 2 துளை கொடுக்க வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். நடுவில் ஒரு ஹப் இருந்தால் இன்னும் மோசம். நேராகக் கணினியின் துளையில், கூட வந்த குட்டைக் கேபிளிலேயே செருகுங்கள். இரட்டைத் தலைக் கேபிள் வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள்.

## தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு

சுத்தமான ஐஎஸ்ஓ 9660 அமைப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு எதற்கும் இடம் கிடையாது. தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் அதன் மேல் மைக்ரோசாஃப்ட் சேர்த்த ஜோலியட் என்ற நீட்டிப்பு வேண்டும், அல்லது யுடிஎஃப் வேண்டும். விண்டோஸ் தானாகவே ஜோலியட்டைச் சேர்த்துவிடும். தனி மென்பொருளில் அந்த டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜோலியட்டில் பெயருக்கு 64 குறிகள்தான். தாராளமாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் தமிழில் நாம் ஒரு எழுத்து என்று எண்ணுவதைக் கணினி பல இடங்களில் இரண்டாக எண்ணும். 'சொற்பொழிவு' நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று பத்து. 'வெள்ளிக்கிழமை' நமக்கு ஏழு, கணினிக்கு பதின்மூன்று. ஆக, முப்பது முப்பத்தைந்து எழுத்தைத் தாண்டினால் பெயரின் வால் வெட்டுப்பட வாய்ப்பு உண்டு. வால் வெட்டுப்பட்ட இரண்டு ஃபைல்கள் ஒரே பெயரில் வந்து நிற்பதும் நடக்கும். யுடிஎஃப் ஃபார்மேட்டில் தமிழுக்கு இதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் உண்டு.

பிளேயருக்குப் போகும் டிஸ்க் என்றால் நான் தமிழ்ப் பெயரை விட்டுவிட்டு 01, 02 என்று எண்ணைப் போட்டுவிடுகிறேன். பெரும்பாலான பிளேயர் திரைகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். வரிசையும் கலையாமல் இருக்கும். பட்டியலைக் காகிதத்தில் எழுதி டிஸ்க் உறைக்குள் வைத்துவிட்டால் போதும்.

## எந்த டிஸ்க்?

முறையை முடிவு செய்த பிறகுதான் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிடி-ஆர்டபிள்யூ 1997இல் வந்தது. எம்பி3 பிளேயருக்கு இதுவே போதும். வாங்கும்போது வேகத்தைப் பாருங்கள்: 'அல்ட்ரா ஸ்பீடு' என்று போட்ட டிஸ்க்கைப் பழைய ரைட்டர்கள் படிக்கும், எழுதாது.

டிவிடியில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு. அட்டையில் 4.7 ஜிபி என்று இருந்தாலும் விண்டோஸ் 4.38 என்றுதான் காட்டும். ஏமாற்று இல்லை, ஆயிரத்தில் எண்ணுவதற்கும் 1024இல் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம். கணினியோடு மட்டும் புழங்கினால் பிளஸ் வாங்குங்கள். அதை அழிக்கவே தேவையில்லை, பழையதன் மேலேயே எழுதிக்கொள்ளலாம், பென் டிரைவ் முறைக்கும் அதுதான் வசதி. பழைய டிவிடி பிளேயருக்கு மைனஸைச் சோதித்துப் பாருங்கள். மைனஸில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: வேகமாக அழித்த மைனஸ் டிஸ்க்கில் பல ரைட்டர்கள் ஒரே மூச்சில்தான் எழுதும், பிறகு சேர்க்க விடாது. சேர்க்க வேண்டுமென்றால் முழுதாக அழிக்க வேண்டும்.

டிவிடி-ராம் கிடைத்தால், பென் டிரைவ் மாதிரி பயன்படுத்துவதற்கென்றே பிறந்தது அதுதான். ஒரு லட்சம் தடவை வரை எழுதலாம், கெட்ட இடங்களை டிரைவே ஒதுக்கிக்கொள்ளும். டிஸ்க்கின் பின்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால் சின்னச் சின்னச் செவ்வகக் கோடுகள் தெரியும், அதை வைத்து அடையாளம் காணலாம். ஆனால் பிளேயர்கள் பெரும்பாலும் படிக்காது, கடையில் கிடைப்பதும் அரிது.

ப்ளூ-ரேயின் பிடி-ஆர்இ ஒரு அடுக்கில் 25 ஜிபி கொள்ளும். வேகம் 2எக்ஸ்தான், அதாவது விநாடிக்கு 9 எம்பி. நிறைந்த டிஸ்க் எழுத முக்கால் மணி நேரம் ஆகும், எழுத எழுதவே சரிபார்க்கும் வசதியை டிரைவ் போட்டிருந்தால் அது இரட்டிப்பாகும். எழுதக்கூடிய ப்ளூ-ரே தயாரிப்பை பானாசோனிக் 2023 பிப்ரவரியிலும் சோனி 2025 பிப்ரவரியிலும் நிறுத்திவிட்டன. புதிதாக ப்ளூ-ரே ரைட்டர் வாங்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

உங்கள் வீட்டுக் கணினியில் பிள்ளைகளின் பாடக் குறிப்பு, அன்றாட ஆவணங்களின் நகல் என்று அடிக்கடி மாறுவதை வைத்துக்கொள்ளப் பிளஸ் டிவிடியில் முதல் வழி. மூல ஃபைல்கள் கணினியில் எப்போதும் இருக்கட்டும்.

கார், மடம், வீட்டு எம்பி3 பிளேயர் என்றால் சிடி-ஆர்டபிள்யூவில் இரண்டாம் வழி, ஒவ்வொரு தடவையும் முழுதாக அழித்து ஒரே செஷனில்.

ஜெராக்ஸ் கடைக்கோ அலுவலகத்துக்கோ கொண்டுபோய்க் கொடுக்கும் டிஸ்க் என்றாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் வழிதான். அங்கே இருப்பது எந்தக் கணினி என்று நமக்குத் தெரியாது. கொடுத்துவிட்டுத் திரும்பி வராத டிஸ்க் என்றால் ஆர்டபிள்யூவே வேண்டாம், ஒருமுறை எழுதும் சாதாரண டிஸ்க்கைக் கொடுங்கள். மாற்ற முடியாது என்பது அங்கே நமக்கு நல்லது.

குழந்தையின் முதல் படங்கள், பெரியவர்கள் குரல் பதிவு போன்ற திரும்பக் கிடைக்காதவற்றுக்கு ஆர்டபிள்யூவை ஒரே நகலாக நம்பாதீர்கள். சூடு படப்பட மாறும் பூச்சு அது. நம் ஊர் வெயிலில் காரின் கண்ணாடிக்குக் கீழே கிடந்த டிஸ்க் படிக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன். எழுதிய பிறகு ஒப்பிட்டுச் சோதித்த சாதாரண டிஸ்க் ஒன்று, ஹார்டு டிஸ்க் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள்.

பழைய ஆர்டபிள்யூவை இன்னொருவருக்குக் கொடுக்கும் முன் ஒரு விஷயம். வேகமாக அழிப்பது ஓரிரு நிமிடத்தில் முடியக் காரணம், அது பட்டியலை மட்டும்தான் அழிக்கிறது. உள்ளே இருந்த வங்கிக் கணக்கு நகலும் படங்களும் அப்படியே இருக்கும், மீட்கத் தெரிந்தவர் மீட்டுவிடுவார். முழுதாக அழிப்பதைத் தேர்ந்தெடுங்கள். 4எக்ஸ் சிடிக்கு இருபது நிமிடம், 4எக்ஸ் மைனஸ் டிவிடிக்குக் கால் மணி நேரம். பிளஸ் வகையை முழு ஃபார்மேட் செய்யுங்கள், அல்லது டிஸ்க் நிறைய வேறு எதையாவது எழுதிவிடுங்கள். விண்டோஸ் தடுமாறும் டிஸ்க்குகளுக்கும் பல நேரம் இந்த முழு அழிப்புதான் மருந்து. "டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை" என்று வந்ததும் தூக்கிப்போடாமல், இம்க்பர்னிலோ கே3பியிலோ ஒருமுறை முழுதாக அழித்துப் பாருங்கள். மடத்தில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குகளில் ஒன்று, அப்படி ஒருவர் குப்பையில் போட இருந்ததுதான்.